ஒரு தெருவில் ஒரு திரவம்

சலவைக்கடைக்காரருக்கு உலகத்தில் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்றுதான். வெள்ளை. மற்ற நிறங்களெல்லாம் துணியில் ஒட்டிக்கொண்டு வரும் கறை என்பது அவருடைய கட்சி. வெள்ளையிலேயே பதினெட்டு தினுசு பிரித்துச் சொல்வார்: ஆஸ்பத்திரி வெள்ளை, ஓட்டல் வெள்ளை, பள்ளிக்கூட வெள்ளை என்று. தெருவில் அவருக்கு 'மொடமொடப்பு' என்று பட்டப்பெயர். அவர் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், ஆள் எழுந்து போன பிறகும் சட்டை உட்கார்ந்திருக்கும் என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரிய மெஷினைத் திறந்து ஆஸ்பத்திரிப் போர்வைகளை வெளியே இழுத்தார். நாற்பது போர்வையும் ரோஸ் நிறத்தில் வந்தன.

"எவனோ சிவப்பு சாக்ஸ உள்ள விட்டுட்டான்" என்று மெஷினுக்குள் தலையை விட்டுத் தேடினார். சாக்ஸ் அகப்படவில்லை. பின்கட்டில் வாளி பிடித்துக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அங்க தேடாதீங்க. திருடன் இங்க நிக்கிறான்."

குழாயிலிருந்து ரோஸ் நிறத் தண்ணீர், யாருக்கு வந்த விருந்தோ என்று, கொட்டிக்கொண்டிருந்தது.

காரணம் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவரிலிருந்து பல் முளைக்காத குழந்தை வரைக்கும் தெரியும். தெருக்கோடியில் ஒரு நீண்ட சுவர். சுவருக்குப் பின்னால் பெயிண்ட் ஆலை. சுவர்மேல் ஆளுயர விளம்பரப் பலகை: 'இந்த ஆண்டின் நிறம்: மாலைச் செவ்வானம்'. தையல்காரர் ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடித்து அந்தப் பலகைக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். டம்ளர் எங்கே முடிகிறது, செவ்வானம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து துணிமணி அதிகாரி போன் செய்தார். ரொம்ப மரியாதையான மனிதர். அவர் மரியாதை கூடினால் ஆபத்தும் கூடவே வரும்.

"ஆபரேஷன் தியேட்டர்ல டாக்டருங்க எல்லாரும் ரோஸ் கோட்டுல நிக்கிறாங்க. மயக்கம் தெளிஞ்ச நோயாளி அதப் பாத்துட்டு, இன்னும் தெளியலபோலன்னு திரும்பப் படுத்துக்கிறார். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துப் பாக்குறேங்க. வெள்ளை வெள்ளையா வரலன்னா வேற கடைக்குக் குடுத்துடுவோம்."

கடையின் பிழைப்பே ஆஸ்பத்திரித் துணிதான். அது போனால் ரெண்டு மெஷினையும் விற்றுவிட்டு, கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடைக்காரர் குடிநீர் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே நல்லபடியாகவே வழி சொன்னார்கள். "பத்திரிகைல வந்தா மேல இருக்கிறவங்க எங்களக் கேப்பாங்க. கேட்டா செஞ்சிடுவோம். கேக்காமச் செஞ்சா, ஏன் செஞ்சேன்னு கேப்பாங்க."

பத்திரிகைக்குப் போக அவருக்கு ஒரு வழி இருந்தது. மனைவியின் தம்பி அங்கேதான் நிருபர். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் அவன் எழுதிக் கொடுத்ததில் மாறாமல் அச்சேறியது தேதி மட்டும்தான்.

"வாங்க மச்சான், இது பெரிய செய்தி. நானே எழுதுறேன்" என்று அவன் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனான்.

பத்திரிகை அலுவலகம் ஐந்து மாடிக் கட்டடம். நெற்றியில் பெரிய எழுத்தில் 'எவர்க்கும் அஞ்சாத எழுத்து' என்று எழுதியிருந்தது. மாலைச் செவ்வான நிறத்தில். அதற்குக் கீழே, கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரிகிற அளவில், 'இந்தப் பலகையை அன்புடன் வழங்கியோர்: பெயிண்ட் ஆலை' என்றும் இருந்தது. கடைக்காரர் கண்ணை இடுக்கிப் பார்க்கிற ஆள். கறை தேடியே பழகிய கண்.

இரண்டாவது மாடியில் மைத்துனன் நான்கு வரி எழுதினான். 'பெயிண்ட் ஆலையின் கழிவு கலந்ததால், அருகிலுள்ள தெருவில் குடிநீர் ரோஸ் நிறமாக வருகிறது. மக்கள் அவதிப்படுகிறார்கள்.' எழுதி முடித்து, "இனிமே இது நேரா மனக்கஷ்டப் பிரிவுக்குப் போகும்" என்றான்.

"அது என்ன மாப்ள பிரிவு?"

"எந்தச் செய்தி வந்தாலும், அதப் படிச்சா யார் யாருக்கு மனக்கஷ்டம் வரும்னு பாக்குற பிரிவு மச்சான். பத்திரிகைலயே அதுதான் பெரிய பிரிவு. செய்திப் பிரிவுல நாங்க ஆறு பேரு. அங்க இருபத்தஞ்சு பேரு."

மனக்கஷ்டப் பிரிவின் தலைவர் ஒல்லியான, பூப்போலப் பேசுகிற மனிதர். மேஜைமேல் பஞ்சு மாதிரி ஒரு கைக்குட்டைப் பெட்டி, ஒரு சிவப்புப் பென்சில், தலையணை தடிமனில் ஒரு புத்தகம். புத்தகத்தின் மேல் 'நண்பர்கள் பதிவேடு' என்று எழுதியிருந்தது.

"நாங்க எந்தச் செய்தியயும் தடுக்குறதில்லைங்க" என்று அவர் கடைக்காரருக்கு நாற்காலி போட்டார். "வலிக்காமப் பண்றோம், அவ்வளவுதான். இப்ப பாருங்க. 'பெயிண்ட் ஆலை'. நம்ம நண்பர். ஞாயிறு மலர் முழுக்க அவங்க தயவுதான். பேரச் சொல்லிக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்? 'ஒரு ஆலை'ன்னு போடுவோம்."

சிவப்புப் பென்சில் ஒரு கோடு இழுத்தது.

"ஆனா இந்தப் பக்கம் பதினோரு ஆலை இருக்கு. 'ஒரு ஆலை'ன்னா மீதிப் பத்துப் பேருக்கும் நம்மளச் சொல்றாங்களோன்னு மனக்கஷ்டம். அதனால ஆலையே வேண்டாம். அடுத்தது 'கழிவு'. காது கூசுதுங்க. எடுத்துடுவோம். 'குடிநீர்'னா குடிநீர் வாரியத் தலைவருக்குக் கஷ்டம். அவர் நம்ம நிறுவனருக்குச் சம்பந்தி. 'திரவம்'னு வச்சிக்குவோம், அதுல யாருக்கும் சம்பந்தம் இல்ல. 'ரோஸ்'னா அந்த நிறத்துல ஐஸ்கிரீம் விக்கிறவர் ஒரு நண்பர் இருக்கார்."

"மக்கள் அவதின்னு ஒண்ணு இருக்கேங்க" என்றார் கடைக்காரர், கடைசியாக மிஞ்சியதைக் காப்பாற்றப் பார்த்து.

"மக்கள் படிச்சாங்கன்னா அவங்களுக்கே மனக்கஷ்டமா இருக்காதா?" என்றார் தலைவர், கண் கலங்க.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மறுநாள் ஏழாம் பக்கத்தின் அடியில், காணாமல்போன குடைக்கும் தண்டவாளப் பராமரிப்புக்கும் நடுவில், செய்தி வந்தது. 'ஒரு தெருவில் ஒரு திரவம் ஒரு நிறத்தில் காணப்பட்டது.' அவ்வளவுதான். முற்றுப்புள்ளியைப் போட விட்டதே பெரிய விஷயம் என்றான் மைத்துனன்.

மனைவி அதை இரண்டு தடவை படித்தாள். "துப்பறியும் கதை மாதிரி ஆரம்பிச்சிருக்காங்க. கடைசிப் பக்கத்தக் கிழிச்சிட்டாங்கபோல" என்றாள்.

மைத்துனனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. எழுத்துதானே மாறுகிறது, படம் எப்படி மாறும் என்று புகைப்படக்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தான். கொடியில் வரிசையாகக் காய்ந்த ரோஸ் போர்வைகளையும், நடுவில் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிற கடைக்காரரையும் படம் பிடித்தார்கள். ஞாயிறு மலரில் அட்டைப்படமாகவே வந்தது. படம் மாறவில்லை. தலைப்பு இப்படி இருந்தது: 'அழகாகிறது நம் நகரம்! ஒரு தெருவின் வண்ணப் புரட்சி.' படத்துக்குக் கீழே: 'தன் சாதனையை நம்ப முடியாமல் தலையில் கை வைத்து வியக்கும் சலவைக்கடைக்காரர். புதுமை விரும்பி.' பின் அட்டையில் பெயிண்ட் ஆலையின் விளம்பரம் தற்செயலாக அமைந்திருந்தது.

அன்று மாலைக்குள் மூன்று பேர் தங்கள் வீட்டுப் போர்வைகளையும் ரோஸாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவந்து விட்டார்கள். அது போதாதென்று துணிமணி அதிகாரி மறுபடியும் போன் செய்தார்.

"மலர்ல பாத்தேங்க. புதுமை விரும்பின்னு போட்டிருக்கு. அப்ப இது நீங்க தெரிஞ்சே செஞ்சதா?"

"ஐயா, சத்தியமா இல்லீங்க."

"பத்திரிகைல போட்டிருக்கேங்க" என்றார் அதிகாரி, வருத்தமாக. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

போனை வைத்த கடைக்காரருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. தப்பு செய்தவன் சுவருக்குப் பின்னால் சௌக்கியமாக இருக்கிறான். தண்ணீர் பிடித்தவன் குற்றவாளி ஆகிவிட்டான். இது என்னய்யா நியாயம் என்று தேய்ப்புப் பெட்டியைக் கேட்டார். மறுநாள் ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து எடுத்துக்கொண்டு நேரே ஐந்தாவது மாடிக்கு, ஆசிரியரிடமே போனார்.

ஆசிரியரின் அறையில் நான்கு சுவரிலும் அவர் யார் யாருடனோ கை குலுக்குகிற படங்கள். கடிகாரம் மாட்ட இடமில்லாமல் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"இது என்ன நிறங்க?"

ஆசிரியர் பாட்டிலை நிதானமாகப் பார்த்தார். "எனக்குத் தனிப்பட்ட முறையில பாட்டில் தெரியுது" என்றார்.

"உள்ள இருக்கிற தண்ணிங்க."

"தண்ணி ரோஸா இருக்குன்னு நீங்க சொல்றீங்க. ஒத்துக்குறேன். ஆனா அது ஒரு தரப்பு. ரோஸா இல்லன்னு சொல்லவும் ஒருத்தர் வேணும். அப்பத்தான் நடுநிலை. நாங்க நடுநிலையான பத்திரிகை. நெருப்பு சுடும்னு ஒருத்தர் எழுதினா, சுடாதுன்னு சொல்ற ஒருத்தரயும் தேடிப் பிடிச்சுப் போட்டுட்டுத்தான் தூங்கப் போவோம்."

"உங்களுக்கு அந்த ஆலைக்காரங்க ஏதாச்சும் உத்தரவு போட்டிருக்காங்களாங்க?" கடைக்காரர் வெள்ளந்தியாகத்தான் கேட்டார்.

ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய மானத்தை யாரோ தொட்டுவிட்டார்கள். "முப்பது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். எனக்கு இதுவரைக்கும் ஒருத்தர் உத்தரவு போட்டதில்ல. ஒருத்தர் மிரட்டினதில்ல. ஏன் தெரியுமா? அவங்க வாயத் திறக்க வேண்டிய நிலைமைய நான் வச்சதே இல்ல. அவங்க மனசுல நினைக்கிறதுக்கு முன்னாடி இங்க பக்கம் முடிஞ்சிருக்கும். சுதந்திரம்னா அதுதான்."

சொல்லிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அது வெளியூரிலிருந்து வருகிற பாட்டில் தண்ணீர்.

நடுநிலை இரண்டே நாளில் அச்சாகி வந்தது. அரைப்பக்கப் பேட்டி. பேட்டி கொடுத்தவர் நிற நிபுணர். பெயிண்ட் ஆலையின் நிற ஆராய்ச்சித் துறைத் தலைவர் என்பது இடமில்லாததால் விடுபட்டிருந்தது. 'நிறம் என்பது பொருளில் இல்லை, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. ஒரே தெருவில் இத்தனை பேருக்கு ரோஸ் தெரிகிறதென்றால் அவர்களுடைய கண் குறித்து நாம் கவலைப்பட வேண்டும்' என்று அவர் கவலைப்பட்டிருந்தார்.

கவலை சும்மா இருக்குமா? அதற்கடுத்த நாள் காலையில் தெருவில் பந்தல் போட்டு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தது. வந்த எல்லாருக்கும் ஆலையின் சார்பில் இலவசக் கண்ணாடி. கண்ணாடி வெளிர்பச்சை நிறம். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் ரோஸ் தண்ணீர் சாம்பல் பூத்த வெள்ளை மாதிரிதான் தெரிந்தது. தையல்காரர் அதைப் போட்டுக்கொண்டு கறுப்பு நூல் என்று நினைத்துச் சிவப்பு நூலில் கால்சட்டை தைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார். பத்திரிகையில் முதல் பக்கம்: 'பார்வை திரும்பியது! தெருவாசிகள் மகிழ்ச்சி.'

"ஆஸ்பத்திரிக்கும் ஒரு இருநூறு கண்ணாடி அனுப்பிடலாமா?" என்றாள் மனைவி.

அவளுக்குச் சிரிப்பு. அவருக்கு அழுகை வந்தது. மாதக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருந்தது. மறுப்புச் செய்தி போடச் சொல்லி இன்னொரு தடவை அலுவலகத்துக்குப் போனார். மறுப்பை மறுக்கிறவர் கிடைத்த பிறகு இரண்டையும் சேர்த்துப் போடுவதாக மேலே சொல்லி அனுப்பினார்கள். மாடிப்படி இறங்கி வந்தவர், கால் ஓய்ந்துபோய்த் தரைத்தளத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெஞ்சுக்கு எதிரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மேலே 'மரண அறிவிப்பு' என்று பலகை. உள்ளே மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். வெளியே ஒரு பெண்மணி, போன வாரம் கணவனை இழந்தவர்போல.

"'அன்பே உருவானவர்'னு போடட்டுமா?" என்று அம்மாள் கேட்டாள்.

"வேண்டாம். 'கோபக்காரர், ஆனா நல்லாச் சமைப்பார்'னு போடுங்க. அதான் நெசம்."

அம்மாள் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டாள். கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கட்டடத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் அப்படியே எழுதி அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தப் பெண்மணி போனதும் ஜன்னலுக்குப் போனார்.

"அம்மா, அது அப்படியேவா வரும்?"

"அப்படியேதான் வரும். இந்த ஒரு பக்கத்துல மட்டும் யாரும் கை வைக்கிறதில்ல."

"மனக்கஷ்டப் பிரிவு?"

"இது அங்க போகாதுங்க. செத்த வீட்டுல ஏற்கெனவே இருக்கிற மனக்கஷ்டத்துக்கு மேல அவங்க புதுசா என்ன கண்டுபிடிக்கப் போறாங்க? ஊர்ல பாதிப் பேரு பத்திரிகைய எடுத்ததும் என் பக்கத்தத்தான் முதல்ல பிரிக்கிறாங்க. யாரு செத்தாங்கன்றதுல மட்டும் நாங்க பொய் சொல்ல மாட்டோம்னு ஒரு நம்பிக்கை."

கடைக்காரர் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினார்.

அன்று சாயங்காலம் தெருவே சலவைக்கடையில் கூடியது. எழுதியது மனைவி. தையல்காரர் எதுகை மோனை சேர்க்கப் பார்த்தார், அவள் விடவில்லை. மறுநாள் காலையில் கடைக்காரர் ஜன்னலில் நீட்டிய படிவத்தை அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள்.

"இறந்தவர் பேரு?"

"தண்ணீர்."

"வயசு?"

"குழாய் போட்டு நாப்பத்தோரு வருஷம் ஆச்சுங்க."

"படம்?"

ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீரின் படத்தை நீட்டினார். தையல்காரர் வீட்டில் பழைய பிறந்தநாள் படம் ஒன்றில் ஓரமாக இருந்ததை வெட்டிப் பெரிதாக்கியது. அம்மாள் படத்தைப் பார்த்தாள். பிறகு, ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த தன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதுவும் அந்தத் தண்ணீரில் நனைந்து ரோஸாகியிருந்தது.

"துக்கத்துல இருக்கிறவங்க யார் யாரு?" என்று கேட்டு, தெருவின் அத்தனை வீட்டுப் பெயரையும் பொறுமையாக எழுதி, "படிவம் சரியா இருக்கு. மத்தது என் வேலை இல்ல" என்று முத்திரை குத்தினாள்.

அத்தனை பெயரும் சேர்ந்ததில் வெள்ளிக்கிழமை அரைப்பக்கத்துக்கு வந்தது: 'கண்ணீர் அஞ்சலி. எங்கள் தெருவின் தண்ணீர். நாற்பத்தொரு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து, தாகம் தீர்த்து, அழுக்கு நீக்கி, யார் வீட்டிலும் பேதம் பாராமல் ஓடி, சில வாரங்களாக நிறம் மாறி அவதிப்பட்டு, எங்களை விட்டுப் பிரிந்தது. துயரத்தில் வாடும் தெருவாசிகள். அஞ்சலி செலுத்த விரும்புவோர் இன்று காலை பத்து மணிக்குத் தெருக்குழாய்க்கு வரவும்.' அதில் ஆலையின் பெயர் இல்லை, யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஊர் முழுக்கப் படித்துவிட்டார்களே, அதுவே போதும் என்று கடைக்காரர் நினைத்திருந்தார்.

ஆனால் பெயிண்ட் ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. அதிபருக்கு நகரத் தலைவர் தேர்தலில் நிற்கிற ஆசை. அதனால் அவருடைய மக்கள் தொடர்பு அலுவலகம் தினமும் மரண அறிவிப்புப் பக்கத்தை அளவுகோல் வைத்து அளக்கும். சின்ன அறிவிப்பு என்றால் மலர்வளையம் மட்டும். கால் பக்கம் என்றால் மேலாளர் போவார். அரைப்பக்கமும் அதற்கு மேலும் என்றால் பெரிய குடும்பம் என்று அர்த்தம். அதிபரே நேரில் போய் இரங்கல் உரை ஆற்றுவார். உரை ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருக்கும். இறந்தவரின் பெயருக்கும் தொழிலுக்கும் வீடு இருக்கும் இடத்துக்கும் மட்டும் இடம் விட்டிருப்பார்கள். அளக்கிறவர் அளப்பார், நிரப்புகிறவர் நிரப்புவார். படிப்பதற்கென்று யாரையும் நியமிக்கவில்லை.

பத்து மணிக்குத் தெருக்குழாய்க்குப் பக்கத்தில், கடைக்காரர் பழைய ஸ்டாக்கில் பத்திரமாக வைத்திருந்த ஒரே ஒரு வெள்ளைப் போர்வையை மேஜைமேல் விரித்து, டம்ளர் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருந்தார்கள். பத்தேகாலுக்கு மூன்று கார்கள் வந்தன. முதல் காரிலிருந்து ஆளுயர மலர்வளையம் இறங்கியது, ஆலையின் பெயர் தங்க எழுத்தில் மின்ன. இரண்டாவதிலிருந்து அதிபரும் அவருடைய செயலாளரும். மூன்றாவதில் பத்திரிகையின் புகைப்படக்காரரும் மைத்துனனும். அதிபர் எந்தத் துக்கத்துக்குப் போனாலும் அவர்கள் கூடவே போக வேண்டும் என்பது விதி.

தெரு விலகி வழி விட்டது. "ஆடு நனையுதுன்னு ஓநாய் அழ வந்திருக்கு" என்று மனைவி முணுமுணுத்தாள். "பேசாம இரு, அழட்டும்" என்றார் கடைக்காரர்.

அதிபர் கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, கேமராவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். படத்தைப் பார்க்கவில்லை; அதுதான் பின்னால் நிற்கிறதே. காகிதத்தைப் பிரித்து, தழுதழுத்த குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே. தண்ணீர் அவர்களின் மறைவுச் செய்தியைக் காலையில் கண்டதும் நான் அப்படியே இடிந்துபோனேன். அவருக்கும் எங்கள் ஆலைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் நாங்கள், இந்தப் பக்கம் அவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக நாங்கள் கொடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டவர். ஒரு நாளாவது வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா? மாட்டார். அது அவர் பண்பு."

கூட்டம் ஓரடி நெருங்கி வந்தது. மைத்துனன் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தான். 

"அவருடைய வாழ்வுக்கு வண்ணம் சேர்த்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அவர் இன்று இந்த நிலைக்கு வந்திருக்கிறார் என்றால் அதற்கு முழுக் காரணம் எங்கள் ஆலைதான் என்று சொன்னால் அது மிகையாகாது."

செயலாளர் எட்டி அவர் காதில் ஏதோ சொன்னார். அதிபர் மெல்லத் திரும்பிப் படத்தைப் பார்த்தார். சட்டத்துக்குள் ஒரு டம்ளர். மேஜைக்குப் பக்கத்தில் தெருக்குழாய். கேமரா மின்னிக்கொண்டிருந்தது. இரங்கல் உரையை நடுவில் நிறுத்திவிட்டு ஓடின ஆள் என்று பெயர் எடுத்தால் தேர்தல் என்ன ஆவது? அவருக்கு மிச்சமிருந்த ஒரே துணை கையில் இருந்த காகிதம். அதையே பிடித்துக்கொண்டார்.

"அன்னாரை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு, அவர்கள் கேட்கும் எந்த உதவியையும் எங்கள் ஆலை உடனடியாகச் செய்யும் என்று இந்தத் துயரமான நேரத்தில் உறுதி அளிக்கிறேன்."

முடிந்தது என்று அவர் காகிதத்தை மடிப்பதற்குள் கடைக்காரரின் மனைவி முன்னால் வந்து நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினதில் வந்த கண்ணீர், யாருக்குத் தெரியும்.

"ஐயா, நாங்கதான் குடும்பம். எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம். உங்க ஆலைக் கழிவு எங்க குழாய்ல கலக்குற இடத்த அடைச்சிடுங்க. அது போதும்."

அதிபர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் செருப்பைப் பார்த்தார், கேமரா அதிபரைப் பார்த்தது. "நிச்சயமா அம்மா" என்றார் அதிபர். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னது படத்தில் நன்றாக வந்திருந்தது.

அன்று மத்தியானம் மனக்கஷ்டப் பிரிவில் நடந்ததை மைத்துனன் பிறகு சொன்னான். இருபத்தைந்து பேரும் உரையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போட்டால் நண்பருக்கு மனக்கஷ்டம். போடாவிட்டாலும் நண்பருக்கு மனக்கஷ்டம்; நண்பர்களின் உரையில் காற்புள்ளியைக்கூடத் தொடக் கூடாது என்பது பதிவேட்டின் முதல் விதி. தலைவர் சிவப்புப் பென்சிலை எடுப்பார், வைப்பார். கடைசியில் ஆலையின் மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கே போன் போட்டு, உரையை என்ன செய்வது என்று கேட்டார். அங்கே எடுத்தவர் எப்போதும் சொல்வதையே சொன்னார்: "முழுசாப் போடுங்க. முதல் பக்கத்துல போடுங்க. ஒரு வரி விட்டாலும் ஐயா கோவிச்சுக்குவார்."

முழுசாகப் போட்டார்கள். முதல் பக்கத்தில் போட்டார்கள். 'அவர் இந்த நிலைக்கு வர நாங்களே முழுக் காரணம்: தண்ணீர் மறைவுக்கு ஆலை அதிபர் உருக்கம்.' அதைப் படித்த ஊர் அன்றைக்கு வேறு வேலை எதுவும் செய்யவில்லை. மேலே உள்ளவர்கள் குடிநீர் அலுவலகத்தைக் கேட்டார்கள். கேட்டதால் அவர்களும் செய்தார்கள். திங்கட்கிழமை சுவரோரம் தோண்டினார்கள், புதன்கிழமை குழாயைப் பிரித்து அடைத்தார்கள், வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் தண்ணீராக வந்தது. கடைக்காரர் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டு, அப்படியே குழாயடியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். பிறகு எழுந்து இரண்டு மெஷினையும் போட்டார்.

மாதக் கடைசி நாளில் நாற்பது போர்வையும் முப்பது கோட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயின. துணிமணி அதிகாரி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது வெள்ளைங்க" என்றார், ரொம்ப மரியாதையாக. இந்தத் தடவை மரியாதை மட்டும்தான் வந்தது.

அன்றைய பத்திரிகையில் முதல் பக்கம், எட்டுப் பத்தி அகலத்துக்கு: 'நமது பத்திரிகைச் செய்தி எதிரொலி! தெருவுக்குத் தெளிந்த தண்ணீர்.' பக்கத்தில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் ஆசிரியர்.

"எதிரொலின்னா முதல்ல யாராச்சும் சத்தம் போட்டிருக்கணுமே" என்றாள் மனைவி.

அடுத்த வாரம் கடைக்காரர், ஜன்னல் அம்மாளுக்கு நன்றி சொல்ல, மொடமொடவென்று தேய்த்த ஆறு வெள்ளைக் கைக்குட்டைகளை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். தரைத்தளத்தில் கால் வைக்க இடமில்லை. பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்கள் போக வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருந்தது. வரிசையில் நின்றவர்கள் கையிலெல்லாம் சட்டம் போட்ட படம். ஒருத்தரிடம் ஒரு பள்ளிக்கூடக் கூரை, ஒரு அம்மாளிடம் ஒரு விளையாட்டு மைதானம், பெஞ்சுக்காரர்கள் அத்தனை பேருக்கும் நடுவில் ஒரே படம், பாதியில் நின்றுபோன ஒரு பாலம். யாரும் மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜன்னல் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடுத்த படிவத்தை எடுத்தாள்.

"பாலத்துக்குச் சொந்தக்காரங்க யாரு? எந்திரிச்சு வாங்க."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள்.